பிள்ளைக்காக ஒரு சர்வே

தடைக்காலம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த ஆன்டனி ராஜ், சட்டையைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் நின்று அறிவித்தான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தத் தடைக்காலம் முடியிறதுக்குள்ள ஜெப்சிய மதுரை தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறோம். இது ஆன்டனி ராஜோட வாக்கு!"

எல்லாரும் என்பது இரண்டே பேர். ஒருத்தி அவன் மனைவி ஜெபமாலை. நெத்திலிக் கருவாட்டைச் சுளகில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி மகள் ஜெப்சி. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள்.

தடைக்காலம் என்றால், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று அரசாங்கம் கோடையில் கட்டிப்போடுகிற காலம். மீன்கள் நிம்மதியாகக் குடும்பம் நடத்த வேண்டுமாம். மீன்பிடிக்கிறவன் அந்தச் சமயம் தன் குடும்பத்திடம் மாட்டிக்கொள்வதைப் பற்றி அரசாங்கத்துக்குக் கவலை இல்லை. ஆன்டனி ராஜ் பாம்பனில் ஒரு விசைப்படகின் டிரைவர். கடலில் அவன் ஒரு சொல் சொன்னால் எஞ்சின் நிற்கும். வீட்டில் மிக்ஸிகூட நிற்காது.

ஜெப்சிக்குப் பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்தே கால் இரண்டும் இறுக்கம். நடக்க வராது. பேச்சு வரும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஆற அமரத்தான் வரும். அதுவரை பொறுத்திருக்க யாருக்கும் நேரமில்லாததால், அவள் வாக்கியங்களை ஊரே முடித்துவைக்கும். முந்திக்கொண்டு முடிப்பதில் ஆன்டனிதான் முதல் ஆள். தப்பாக முடிப்பதிலும் அவன்தான்.

"எனக்கு... அலை..." என்று ஆரம்பித்தாள் ஜெப்சி.

"அலையணும்! அம்புட்டுதானே? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பார்க்கு பூராம் அலைவோம் தாயி!"

"அலை... என் மேல... அடிக்கணும்ப்பா."

ஜெபமாலை சுளகை நிறுத்தினாள். "அங்கன அலைக்குளம் ஒண்ணு இருக்காம். தண்ணிய மோட்டார் வச்சு அலையா அடிப்பானாம். கூடப் படிக்கிற பிள்ளைக போயிட்டு வந்து சொல்லியிருக்குக. அதைத்தான் கேக்குறா."

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் டூர் போனார்கள். ஜெப்சியிடம் மட்டும், 'உனக்குக் கஷ்டமா இருக்கும்மா' என்று பாசமாகச் சொல்லி விட்டுவிட்டுப் போனார்கள். கஷ்டம் யாருக்கு என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

கடற்கரைப் பிள்ளை செயற்கை அலைக்கு ஆசைப்படுவதா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல்தான். ஆனால் ஒரு அலைகூட அவள் மேல் பட்டதில்லை. மணலில் இறக்கிய மறுநிமிஷமே சக்கர நாற்காலி அச்சு வரை புதைந்துவிடும். தூக்கிக்கொண்டு போகலாமே? போகலாம்தான். 'அடுத்த வாரம் தூக்கிட்டுப் போறேன்' என்று ஆன்டனி சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொல்லிச் சொல்லியே, தூக்க முடியாத எடைக்கு அவள் வளர்ந்துவிட்டாள்.

"சரி, எந்தக் கிழமை போறோம்?" என்றாள் ஜெபமாலை.

"அவசரப்படாத. நம்ம பிள்ளைய வச்சுக்கிட்டு மத்தவுக மாதிரி பொசுக்குனு கிளம்ப முடியுமா? எல்லாம் பிளான் பண்ணணும். ரேம்ப் இருக்கா, பாத்ரூம் கதவுல வீல்சேர் நுழையுமா, எந்த ராட்டினத்துல ஏத்துவான், எதுல ஏத்த மாட்டான்... எம்புட்டு இருக்கு!"

"அதுக்கு என்ன? போன் பண்ணிக் கேட்டுருவோம்."

"போன்ல கேட்டா எல்லாம் இருக்குன்னுதான் சொல்லுவான். நீ கருவாடு விக்கிறவ. என்னைக்காச்சும் நாத்தம் அடிக்குதுன்னு சொல்லி வித்துருக்கியா?"

"என் கருவாடு நாறாது."

"பாத்தியா! அவனும் இதத்தான் சொல்லுவான். நேர்ல பாக்கணும் ஜெபமால. ஆழம் பாக்காம நான் வலைய எறக்குனதே கிடையாது. மொதல்ல ஒரு ஆளு போயி சர்வே எடுத்துட்டு வரணும்."

"யாரு அந்த ஆளு?"

ஆன்டனி தன் நெஞ்சில் கை வைத்தான். முகத்தில் தியாகம் வழிந்தது.

"அப்ப நானும் வாரேன்."

"நீ வந்துட்டா ஜெப்சிய யாரு பாக்குறது?"

"அவளையும் கூட்டிட்டு வாரேன்."

"அவளக் கூட்டிட்டுப் போலாமா கூடாதான்னு பாக்கத்தானே சர்வே!"

ஜெபமாலை மறுபடியும் சுளகைக் கையில் எடுத்தாள். நியாயம் அப்படிப்பட்ட நியாயம்.

சர்வேக்குத் துணை, உச்சிப்புளி பர்வேஸ். சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டுகிறவன். ஆன்டனியும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் சேர்ந்து பெயிலானவர்கள். அந்தப் பாசம் இன்னும் விடவில்லை. விடியற்காலையில் வேன் வாசலுக்கு வந்தது. ஜெப்சி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள்.

பார்க்குக்குள் நுழைந்ததும் ஆன்டனி கடமையில்தான் இறங்கினான். அதை மறைக்கக் கூடாது. வாசலில் சாய்தளம் இருந்தது. அதில் இரண்டு தரம் ஏறி இறங்கினான். 'ரேம்ப் ஓகே' என்றான். கடமை முடிந்தது.

அப்போதுதான் அந்தக் கப்பல் கண்ணில் பட்டது. தண்ணீர் இல்லாத கப்பல். அந்தரத்தில் முன்னும் பின்னும் ஆடியது. உள்ளே இருந்தவர்கள் காசு கொடுத்து அலறிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, இதுல நம்ம பிள்ளைய ஏத்துனா தாங்குவாளா?"

"ஏறிப் பாத்தாத்தானே மச்சான் தெரியும்?" என்றான் பர்வேஸ்.

"பிள்ளைக்காகத்தான்."

"பின்ன? பிள்ளைக்காகத்தான்!"

வருஷக்கணக்காகப் புயலுக்கும் சூறைக்கும் நடுவில் படகு ஓட்டியவன் ஆன்டனி ராஜ். அந்தக் கப்பல் உச்சிக்குப் போய் ஒரு நொடி நின்றபோது அந்தோணியார், சவேரியார், வேளாங்கண்ணி மாதா என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டான். பக்கத்தில் பர்வேஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு கலிமா சொன்னான். இறங்கியதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடியும் போய் வரிசையில் நின்றார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் பிள்ளைக்காகவே நடந்தது. பிள்ளைக்காக வாடகை டவுசர் மாட்டினார்கள். பிள்ளைக்காகக் குழாய்க்குள் சறுக்கிக் குப்புற விழுந்தார்கள். பிள்ளைக்காக பிரியாணி தின்றார்கள், ஆளுக்கு இரண்டு ஐஸ்கிரீம் தின்றார்கள். அலைக்குளத்தில் மட்டும் ஒன்றரை மணி நேரம் கிடந்தார்கள். சங்கு ஊதி அலை விடும்போதெல்லாம் ஆன்டனி கைகளைத் தூக்கிக்கொண்டு கூத்தாடினான். சம்பளம் வாங்கிக்கொண்டு அலையில் அடிபட்டவனுக்கு, காசு கொடுத்து அடிபடுவது புது ருசியாக இருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நடை தளர்ந்திருந்தது. அது நடிப்பில்லை. நாள் பூராவும் சறுக்கினால் யாருக்கும் தளரும்.

"என்ன பாத்தீக?" என்றாள் ஜெபமாலை.

"அலைச்சல். ஒரே அலைச்சல். பிள்ளைக்காகப் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

"ரேம்ப் இருக்கா?"

"அது இருக்கு."

"பாத்ரூம்?"

"இருக்கு. கதவு... கதவெல்லாம் போட்டுத்தான் வச்சுருக்கான்."

"வீல்சேர் நுழையுமா?"

"அதெல்லாம் ஒரே நாள்ல பாத்துர முடியுமா? கடல் மாதிரி கெடக்கு. இன்னொரு தடவை போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"அலைக்குளம்... எப்படி..." என்றாள் ஜெப்சி.

"எப்படிப் போறதுன்னு கேக்குறியா? வலது கைப்பக்கம் தாயி," என்றான் ஆன்டனி. "ஆனா ஆபத்தா இல்லையான்னு இன்னும் முடிவாச் சொல்ல முடியல."

அவன் தோளில் கிடந்த துண்டை ஜெபமாலை எடுத்துக் கொடியில் போட்டாள். போடுவதற்கு முன் விரலால் ஒருமுறை கசக்கிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டு போனாள். அப்புறம் அவன் கண்களைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஆன்டனிக்கு நிம்மதி. ஜெபமாலை சத்தம் போடும்போது பயப்பட அவன் கற்றிருந்தான். அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் நிஜமாகவே பயப்பட வேண்டும் என்பது, கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவனுக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் வாயைத் திறப்பதற்குள் ஜெபமாலையே ஆரம்பித்தாள்.

"ஏங்க, சர்வே பாதியில நிக்குதே. போயிட்டு வாங்க."

ஆன்டனி திடுக்கிட்டான். ஒரு மரியாதைக்காகக் கொஞ்சம் மறுத்தான். "வேணாம் ஜெபமால. வெயிலு. உடம்பு கேக்கல."

"பிள்ளைக்காக இதக்கூடச் செய்ய மாட்டீகளா?"

"சரி, நீ இம்புட்டு தூரம் சொல்றதால போறேன்."

"பாத்ரூம் கதவ அளந்துட்டு வாங்க. நம்ம வீல்சேர் மூணு சாண் அகலம். ஒங்க சாண்ல நாந்தான் அளந்து வச்சேன், நீங்க தூங்கும்போது கையப் புடிச்சு. அதுக்கு மேல கதவு இருக்கான்னு பாக்கணும். இவளுக்குத் துணி மாத்தப் படுக்க வைக்கிற மாதிரி கட்டில் ஏதாச்சும் இருக்கான்னும் கேக்கணும்."

அன்று கப்பல், சறுக்கல், குளம் எல்லாம் முடிந்து சாயங்காலம் வெளியேறும்போதுதான் ஆன்டனிக்குக் கதவு ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினான். கழிப்பறை வாசலில் நின்று, சுண்டு விரலையும் கட்டைவிரலையும் விரித்து நிலையை அளக்க ஆரம்பித்தான். காவலாளி வந்துவிட்டான்.

"என்ன பண்றீக?"

"அளக்கேன்."

"எதுக்கு?"

"பிள்ளைக்காக."

காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தான். வாடகை டவுசர், சொட்டச் சொட்ட நனைந்த தலை, சிவந்த கண், கழிப்பறைக் கதவில் கை. "கூட யாரும் வந்துருக்காகளா?" என்று இரக்கத்தோடு கேட்டான். பர்வேஸ் வந்து சமாதானம் சொல்லி அழைத்துப்போனான்.

கதவு நாலு சாண். முதலுதவி அறையில் கட்டிலும் உண்டு. வீட்டில் சொன்னான். ஜெபமாலை தலையை ஆட்டினாள். ஜெப்சி முகம் மலர்ந்தது.

"அப்ப... போலா..."

"போலாமான்னா இன்னும் சொல்ல முடியாது தாயி. அந்த அலைக்குளம் இருக்கே, அது எனக்குச் சரியாப் பிடிபடல. இன்னொரு தடவை போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

ஜெப்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரையில் போட்டுகளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அது எதற்கு அடையாளம் என்று அவளுக்குத் தெரியும். பெயிண்ட் காய்ந்தால் தடைக்காலம் முடிந்துவிடும். அப்பா கடலுக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் திறந்துவிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான். போன வருஷமும் இப்படித்தான் அடுத்த வருஷமாயிற்று. அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணைச் சிமிட்டினாள்.

மூன்றாவது சர்வேக்கு ஆன்டனியைக் கிட்டத்தட்டத் தள்ளிவிட்டார்கள்.

"தண்ணிக்குள்ள... வீல்சேர்..." என்றாள் ஜெப்சி.

"விழுந்துருமான்னுதானே? நானும் அதத்தான் யோசிக்கேன்."

"போகுமான்னு கேக்குறா," என்றாள் ஜெபமாலை. "சில இடத்துல தண்ணிக்குன்னே தனி வண்டி வச்சுருப்பாகளாம். பிள்ளையத் தூக்கி வைக்க ஆளு இருக்கா, கூட ஒரு ஆள உள்ள விடுவாகளா, எல்லாம் விசாரிச்சுட்டு வாங்க. இதான் கடைசி. இதுக்கு மேல சர்வே கேட்டீகன்னா ஒங்க மீனவர் சங்கத்துல பிராது வைப்பேன்."

அன்றைக்குத்தான் அது நடந்தது.

ஆன்டனி இடுப்பளவு தண்ணீரில் அடுத்த சங்குக்காகக் காத்திருந்தான். பக்கத்தில் ஒரு தகப்பன் வந்தான். பருத்த மஞ்சள் சக்கரம் வைத்த ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அது தண்ணீருக்குள்ளேயே உருண்டு வந்தது. அதில் ஒரு பையன். ஜெப்சி வயதுதான் இருக்கும். ஜெப்சியைப் போலவே அவன் கைகளும் மடங்கியிருந்தன. சங்கு ஊதினார்கள். அலை வந்து பையன் நெஞ்சில் மோதியது. பையனுக்கு மூச்சு முட்டியது. அப்புறம் வாய் முழுக்கத் திறந்து சிரித்தான். தகப்பனும் சிரித்தான். தகப்பனுக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது போலிருந்தது.

ஆன்டனி அடுத்த அலைக்குக் கையைத் தூக்கவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. கழிப்பறை வாசலில் பிடிபட்டபோது வராத வெட்கம் அது. கரையேறி, அந்த நாற்காலியைப் பற்றி, தூக்கிவிட இரண்டு ஆட்கள் இருப்பதைப் பற்றி, கூட ஒரு ஆள் வரலாம் என்பதைப் பற்றி, ஒன்று விடாமல் விசாரித்தான். பர்வேஸ் கப்பலுக்குக் கூப்பிட்டான். போகவில்லை.

"என்ன மச்சான், வயிறு சரியில்லையா?"

"மாப்ள, மொத அலை அவ மேல படும்போது நான் பக்கத்துல நிக்கணும்டா."

வேனில் வரும் வழியெல்லாம் அவன் அதையே பார்த்துக்கொண்டு வந்தான். சங்கு ஊதுகிறார்கள். ஜெப்சி அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அலை வருகிறது. சொல்லிச் சொல்லி ஏமாற்றிய அத்தனை 'அடுத்த வாரமும்' அந்த ஒரு அலையில் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நம்பினான். ஆண்பிள்ளைகள் கணக்கு எப்போதும் கொஞ்சம் சுலபமாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குள் ஓடி வந்தான். "ஜெபமால! எல்லாம் இருக்கு! தண்ணிக்குள்ள போற வண்டி இருக்கு. தூக்கி வைக்க ரெண்டு ஆளு இருக்காக. வாசல்லேர்ந்து குளம் வரைக்கும் ஒரு படி கிடையாது. கூட ஒரு ஆள உள்ள விடுறாக. நெழல் இருக்கு, கட்டில் இருக்கு, கதவு நாலு சாண் இருக்கு. வர்ற சனிக்கிழமையே போறோம்!"

"போறோம்," என்றாள் ஜெபமாலை.

"போறோம்..." என்றாள் ஜெப்சி. இந்த ஒரு சொல்லை யாரும் முடித்துவைக்க வேண்டியிருக்கவில்லை.

தடைக்காலத்தின் கடைசிச் சனிக்கிழமை அது. ஆன்டனி புது டவுசர் வாங்கி வைத்திருந்தான், சொந்த டவுசர். காலையில் பர்வேஸ் வேனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, தலைக்கு எண்ணெய் தடவி வாசலில் தயாராக நின்றான். பர்வேஸோடு சேர்ந்து ஜெப்சியைத் தூக்கி வேனில் உட்கார வைத்தான். சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் ஏற்றினான். தண்ணீர்க் குடுவை, மாத்திரை, மாற்றுத் துணி எல்லாம் ஏற்றினான். கடைசியாகத் தன்னை ஏற்றப் போனான். படியில் ஜெபமாலையின் கை குறுக்கே வந்தது.

"நீங்க எங்க?"

"எங்கவா? தீம் பார்க்குக்குத்தான்."

"நாங்கதான் போறோம். நீங்க இல்ல."

ஆன்டனி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் நிறுத்திக்கொண்டான்.

"என்ன ஜெபமால வெளையாடுற?"

"வெளையாண்டது யாரு? கடத்தண்ணியில நனைஞ்ச துண்டு காஞ்சா அப்பளமாட்டம் வெறச்சு நிக்கும். மொத நாள் நீங்க கொண்டுவந்த துண்டு பஞ்சாட்டம் இருந்துச்சு. பிளீச்சிங் பவுடர் வாசம் வேற. இத்தன வருசம் உப்புத் தண்ணியில முங்கி எந்திரிச்ச கண்ணு ஒரு நாளாச்சும் செவந்துருக்கா? ரேம்ப்பப் பாத்த கண்ணு மட்டும் கோவப்பழமாச் செவந்துருச்சு!"

"மொத நாளே தெரியுமா? அப்ப ஏன் மறுக்கா மறுக்காப் போகச் சொன்ன?"

"கதவு அளவு எங்களுக்கு வேணும்ல? வண்டி இருக்கான்னு தெரியணும்ல? போன்ல கேட்டா எல்லாம் இருக்குன்னுதான் சொல்லுவான், நேர்ல பாக்கணும்னு நீங்கதானே சொன்னீக? நீங்க டீசல் போட்டுப் போயி, நீங்க அளந்து, காவல்காரன்கிட்ட நீங்க பேச்சு வாங்கி, எல்லாத்தையும் கொண்டாந்து கொடுத்தீக. நல்ல சர்வேங்க. கொறையே சொல்ல முடியாது."

காவலாளி விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்? ஆன்டனி பர்வேஸைப் பார்த்தான். பர்வேஸ் ஸ்டியரிங்கைத் துணியால் மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே மாப்ள, நீயுமா?"

"மச்சான், வேனுக்கு யாரு டீசல் போடுறாகளோ அவுக கட்சி நான். இன்னைக்கு அக்கா போட்டுருக்காக."

ஆன்டனி கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "தூக்குறதுக்கு ஆளு வேணாமா? ஒத்தப் பொம்பள எப்படிச் சமாளிப்ப?"

"அங்கன தூக்க ரெண்டு ஆளு இருக்காகன்னீக. ஒரு படிகூட இல்லைன்னீக. கூட ஒரு ஆளத்தான் உள்ள விடுவாகன்னும் நீங்கதான் சொன்னீக. அந்த ஒரு ஆளு நான்."

தான் கொண்டுவந்த தகவல் ஒவ்வொன்றும் தன் கழுத்துக்கே சுருக்காவதை ஆன்டனி பார்த்தான். குரல் இறங்கிவிட்டது.

"ஜெபமால, நெசமாச் சொல்றேன். மொத அலை அவ மேல படும்போது நான் பக்கத்துல நிக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

ஜெபமாலை ஒரு கணம் அவனைப் பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கை கொஞ்சம் இறங்கக்கூடப் பார்த்தது. பிறகு அவள் கண் அவனைத் தாண்டி, வீட்டுக்கு முன்னால் கிடந்த கடலுக்குப் போயிற்று.

"கடல் இங்கனதானே கெடந்துச்சு ஜெப்சி அப்பா," என்றாள். "பன்னெண்டு வருசமா இங்கனதானே கெடந்துச்சு."

ஆன்டனி வேன் படியிலிருந்து காலை இறக்கினான்.

"தடைக்காலம் யாருக்கு?" என்று அவளே தொடர்ந்தாள்.

"விசைப்படகுக்கு."

"நாட்டுப்படகுக்கு?"

"இல்ல. அது போலாம்."

"சங்கத்துல மைக்கப் புடிச்சுப் பேசுறவுக, ஒங்களுக்குத் தெரியாததா? நீங்க விசைப்படகு. கரையில கெடங்க. நாங்க ரெண்டு பேரும் நாட்டுப்படகு. போயிட்டு வாரோம். மொட்டமாடியில கருவாடு காயுது, காக்கா வராமப் பாத்துக்கங்க. தண்ணி லாரி வந்தா அஞ்சு குடம் புடிச்சு வைங்க."

வேன் ஜன்னலிலிருந்து ஜெப்சி அழைத்தாள். "அப்பா... ஒங்களுக்கு..."

"எனக்கு என்ன தாயி? ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரவான்னு கேக்குறியா?"

"ஒங்களுக்கு... அந்த எடம்... ஒத்து வருமான்னு... நாங்க... சர்வே... எடுத்துட்டு வாரோம்."

வேன் கிளம்பிவிட்டது.

அந்த நாள் ஆன்டனி ராஜ் வாழ்க்கையில் மிக நீளமான நாள். மொட்டைமாடியில் புது டவுசரோடு உட்கார்ந்து காக்கை விரட்டினான். காக்கைகள் அவனை மதிக்கவில்லை. தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் பெண்களுக்கு நடுவில் குடத்தோடு நின்றான். முன்னால் நின்ற சோணையம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, சர்வே எல்லாம் முடிஞ்சுதா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தெருவே அறிந்த ரகசியத்தை அவன் மட்டும்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

மத்தியானம் வீட்டு வாசலில் நின்று கடலைப் பார்த்தான். அலை வந்துகொண்டுதான் இருந்தது. டிக்கெட் இல்லை, சங்கு இல்லை, வரிசையும் இல்லை. வாசலுக்கும் அலைக்கும் நடுவில் கிடந்தது கொஞ்சம் மணல்தான். படகுத் துறையில் பழைய பலகைகள் சும்மா கிடக்கின்றன. வரிசையாகப் போட்டால் நாற்காலி உருளும். இந்தப் பலகை யோசனை இப்போதுதானா வர வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டான். இந்நேரம் முதல் அலை அவள் மேல் பட்டிருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவர எந்த டிரைவராலும் முடியாது. ஒரு காக்கை நெத்திலியோடு பறந்தது.

பொழுது சாயும்போது வேன் வந்தது. ஆன்டனி ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். ஜெப்சியின் முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. உடம்பு முழுக்க பிளீச்சிங் பவுடர் வாசம். கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. ஜெபமாலைக்கும் அப்படியே.

"அலை பட்டுச்சா தாயி?" என்றான்.

ஜெப்சி தலையை ஆட்டினாள். அந்த முகத்தில் இருந்த சிரிப்பை அவன் ஒரு இடத்தில் மட்டும்தான் பார்த்திருந்தான். மஞ்சள் சக்கர நாற்காலியில் இருந்த பையனிடம். அவளை இரண்டு கையிலும் ஏந்தித் தூக்கினான். அப்படியொன்றும் தூக்க முடியாத எடையாக இல்லை.

"பார்க்கு எப்படி இருந்துச்சு? அப்பாவுக்கு ஒத்து வருமா?"

"அது... வந்து..." என்று ஆரம்பித்தாள்.

நாலைந்து முடிவுகள் அவன் நாக்கு நுனி வரை வந்தன. அத்தனையையும் விழுங்கினான். அவள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, மகள் முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

ஜெப்சி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். நாள் பூராவும் பிறருக்காக உழைத்துக் களைத்தவள் போல ஒரு பெருமூச்சு விட்டாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"இன்னொரு... தடவை... போய்ப்... பாத்தாத்தான்... தெரியும்ப்பா."